எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷன் முடிந்து ஓரிரு வருடம் ஆனதும் பலர் அதை மறந்தே போய்விடுகிறார்கள். பல்வலி, முட்டிவலி என்று வேறு டாக்டரிடம் போகும்போது, வயிற்று ஆபரேஷன் கதையை இங்கே எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி நேராகக் குடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களுக்கு, இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கலாம். அதில் ரத்தம் கசியலாம், ஓட்டைகூட விழலாம். பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரைகளும் உண்டு, அதனால் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். சிகரெட்டும் இதே புண்ணுக்கு வழிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பழைய சீட்டின்படியே விழுங்கிக்கொண்டிருப்பது அடுத்தது. சாப்பாடு ஒரேயடியாகக் குறைந்திருக்கும்போது பழைய அளவில் கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும், எனவே வீடு திரும்பும் முன்பே அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்து விழுங்குவதும் ஆபத்து, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

அப்புறம் வைட்டமின். "டெஸ்ட் நார்மல், அதனால் நிறுத்திட்டேன்" என்பார்கள். அட, மாத்திரை போட்டதால்தானே நார்மல்! பி12 உடம்பில் நிறையச் சேமிப்பில் இருக்கும், அதனால் நிறுத்திப் பல மாதம் ஒன்றுமே தெரியாது, பிறகுதான் பாதம் மரத்துப்போகும். கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் ஒன்றாகப் போடாமல் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் எடுப்பவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும், ரிசல்ட்டையே அது தப்பாகக் காட்டக்கூடும்.

நாள்கணக்கில் வாந்தி எடுத்தும், ஆபரேஷன் செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலேயே கிடப்பதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. தயமின், அதாவது பி1, உடம்பில் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்துபோனால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சும் நினைவும் குழம்பும். தாமதித்தால் நிரந்தரமாகவே மூளை பாதிக்கப்படலாம். இந்த நிலையில் அவசர சிகிச்சைக்குப் போனால் சோர்வாக இருக்கிறாரே என்று குளுக்கோஸ் ஏற்றக்கூடும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை இன்னும் மோசமாகும். நோயாளி தெளிவாகப் பேச முடியாத நேரம் அது, அதனால் கூடப் போகிறவர்தான் ஆபரேஷன் விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும்.

பைபாஸ் ஆகிப் பல வருடம் கழித்து, சாப்பிட்டதும் வயிறு சுருட்டிப் பிடித்து, பிறகு தானே அடங்கும் வலியை கேஸ் என்று தள்ளாதீர்கள். உள்ளே குடல் ஓர் இடைவெளியில் நுழைந்து மாட்டிக்கொண்டு விடுபடுவதாக இருக்கலாம். ஸ்கேன் சரியாக வந்தும் வலி திரும்பத் திரும்ப வந்தால் சர்ஜனையே பாருங்கள். விடாமல் வலித்தால் அன்றே ஓடுங்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம். எடை குறையக் குறைய மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடலாம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு முறை வேண்டும். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். பிறகு கர்ப்பமானால், குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் டெஸ்ட்டுக்கு உட்காரும் முன் பைபாஸ் செய்ததைச் சொல்லுங்கள். அது படபடப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும்; அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து எழுதிக் கொடுக்கலாம்.