புழுக்கையா, வண்டா? மரு வண்டைப் படத்தில் அடையாளம் காண

மூன்று மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு நிறம், முதுகெல்லாம் மரு மருவாக. மரு வண்டைப் பார்த்தால் கம்பளிப்பூச்சி போட்ட புழுக்கைதான். எதிரிகளை ஏமாற்ற அந்த வேடம், நானும்தான் ஏமாந்தேன். சிங்கப்பூரின் வின்சர் இயற்கைப் பூங்காவில் ஆறு மாதமாக எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாமே மேலிருந்து எடுத்தவை.

முதலில், வண்டுதானா? முதுகின் நடுவே இரண்டு கெட்டிச் சிறகுகளும் சேரும் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். புழுக்கையில் அந்தக் கோடு இருக்காது. மரு வண்டில் அது ரம்பப் பல்போல் ஒன்றோடொன்று கோத்திருக்கும். முகம் நீண்டு மூக்குப்போல் இருந்தால் அது கூன்வண்டு.

அடுத்தது தலை. இங்கேதான் நான் சறுக்கினேன். மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாது, முன்மார்புக்குள் புதைந்திருக்கும். அதனால் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தாக வேண்டும். கிட்டே போனாலோ, கால்களையும் உணர்கொம்புகளையும் அடிப்பக்கத்துப் பள்ளங்களில் மடக்கிக்கொண்டு பொத்தென்று விழுந்துவிடும். சருகுக்குள் விழுந்ததைத் தேடி அரை மணி நேரம் கொசுக்கடி வாங்கியிருக்கிறேன். இப்போது சாப்பாடு கட்டித்தரும் தபாவ் டப்பாவின் வெள்ளை மூடியை இலைக்கு அடியில் பிடித்துக்கொள்கிறேன். அதில் மல்லாந்து விழுந்தால் யோகம்! கால்கள் கச்சிதமாக அடங்கிய அந்தப் பள்ளங்களை அப்படியே எடுத்துவிடலாம். அப்புறம் அதே இலையில் விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

லென்ஸைச் சுற்றி மாட்டும் வட்ட விளக்கு வேண்டவே வேண்டாம். நேர் வெளிச்சத்தில் மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். கைப்பேசியில் மாட்டும் கிளிப் லென்ஸ், டிஷ்யூ தாள் சுற்றி ஒரு பக்கமாகப் பிடிக்கச் சின்ன டார்ச், இவை போதும். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துப் போனால் லென்ஸில் ஆவி படியும், பத்து நிமிடம் காத்திருங்கள். அளவுக்கு, குவியத்தை மாற்றாமல் புதிய சிங்கப்பூர் 5 காசு நாணயத்தை ஒரு படம் எடுங்கள். அதன் விட்டம் 16.75 மில்லிமீட்டர்.

சரி, பெயர்? கிளாமிசினி என்று குழுவின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி "நியோகிளாமிசஸ்" என்று சொன்னால் நம்பாதீர்கள், அது வட அமெரிக்கப் பேரினம். நம் பக்கத்தில் பெரும்பாலும் கிளாமிசஸ்தான். இனம்வரை போக, பல நேரங்களில் ஆண் வண்டை அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எந்தச் செடியில் இருந்தது என்பதை மட்டும் குறிக்காமல் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: "என் புழுக்கை நடக்கிறது, ஆனால் முதுகில் கோடு இல்லை" என்று இருவர் படம் அனுப்பினார்கள். அது இளம்புழு. தாய் வண்டு ஒவ்வொரு முட்டையையும் தன் எச்சத்தால் மூடிவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு அந்தக் கூட்டையே தன் எச்சத்தால் பெரிதாக்கிச் சுமந்து திரியும். ஆகவே நடக்கும் புழுக்கையைக் கண்டால் பக்கவாட்டில் எடுங்கள். கூட்டின் வாயிலிருந்து தலையும் ஆறு கால்களும் எட்டிப்பார்க்கும்.