எழுபதுகளின் தமிழ்ப் பாட்டைத் தேடிப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களைப் பின்னால் வந்து தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். எம்.எஸ்.வி.யின் இருபது பாட்டு, இளையராஜாவின் இருபது பாட்டு, அவ்வளவுதான். 'எல்லாம் கேட்டாச்சு' என்று அடுத்த பத்தாண்டுக்குத் தாவிவிடுகிறார்கள். பாட்டு ஒன்றும் தீர்ந்துபோய்விடவில்லை. தேடுகிற வழிதான் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதல் தவறு, 'எழுபதுகளின் சூப்பர் ஹிட்ஸ்' என்ற தொகுப்பில் ஆரம்பிப்பது. அந்தத் தொகுப்பைப் போடுவது பாடல் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம். தன்னிடம் உரிமை இல்லாத பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் அதில் வராது. அடுத்த வடிகட்டல் நடிகர் பெயரால் நடக்கிறது: எம்.ஜி.ஆர். ஹிட்ஸ், சிவாஜி ஹிட்ஸ், கமல் ஹிட்ஸ். ஏற்கெனவே அதிகம் கேட்கப்பட்டதையே பாட்டுச் செயலி மேலே தள்ளுவது மூன்றாவது. ஓடாத படத்தின் பாட்டும், பெரிய நடிகர் இல்லாத படத்தின் பாட்டும் இந்த மூன்றிலும் விழுந்துவிடுகின்றன.

இசையமைப்பாளர் வி.குமாருக்கு நடந்தது இதுதான். 'வெள்ளி விழா' (1972) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய 'காதோடுதான் நான் பாடுவேன்' அவர் இசை. ஈஸ்வரி என்றாலே துள்ளல் பாட்டு என்று நினைத்திருப்பவர்கள் அந்தக் குரல் இவ்வளவு தணிந்து பாடுவதைக் கேட்டால் அசந்துபோவார்கள். 'உன்னிடம் மயங்குகிறேன்' (தேன் சிந்துதே வானம், 1975) என்று யேசுதாஸ் பாடியதும் வி.குமார் இசைதான். பாட்டைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர்; இசையமைத்தவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

அதனால் நடிகரை விட்டுவிட்டு இசையமைப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். வாரத்துக்கு ஒருவர், பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று தடவை. ஐந்நூறு பாட்டை ஒரே நாளில் சேர்த்து வைத்தால் எதுவும் மனதில் தங்காது. நுழைவாயில் தேவையென்றால், விஜயபாஸ்கருக்கு 'மயங்குகிறாள் ஒரு மாது' (1975) படம், ஜி.கே.வெங்கடேஷுக்கு 'சபதம்' (1971) படத்தின் 'தொடுவதென்ன தென்றலோ'. ஷியாமுக்கு 'மனிதரில் இத்தனை நிறங்கள்' (1978) படத்தின் 'மழை தருமோ என் மேகம்'. குன்னக்குடி வைத்தியநாதனுக்கு 'தெய்வம்' (1972) படத்தில் மதுரை சோமு பாடிய 'மருதமலை மாமணியே'. மலையாளத்திலிருந்து வந்த ஜி.தேவராஜன் 'அந்தரங்கம்' (1975) படத்தில் கமல்ஹாசனைப் பாட வைத்தார்: 'ஞாயிறு ஒளிமழையில்'. வங்காளத்து சலில் சவுத்ரி 'அழியாத கோலங்கள்' (1979) படத்தில் 'பூவண்ணம் போல நெஞ்சம்' தந்தார். இந்த ஆறு பேரிடம் மட்டுமே ஒன்றரை மாதத்துக்குக் கேட்க இருக்கிறது. சங்கர்-கணேஷ் தனிக்கணக்கு.

1976-ல் கோடு கிழிப்பது

இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' 1976-ல் வந்தது பெரிய திருப்பம், சந்தேகமே இல்லை. ஆனால் அதை வைத்துப் பத்தாண்டை இரண்டாக வெட்டி, முன்பாதி அறுபதுகளின் மிச்சம், பின்பாதி முழுக்க இளையராஜா என்று எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். எம்.எஸ்.வி. 1976-க்குப் பிறகுதான் 'அவர்கள்' (1977), 'நிழல் நிஜமாகிறது' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படங்களுக்கு இசையமைத்தார். இளையராஜாவும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் அவர். 'பொன்னுக்குத் தங்க மனசு' (1973) படத்தின் 'தேன் சிந்துதே வானம்' பாட்டை இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்தக் கோட்டை அழிக்க நல்ல வழி, ஏதாவது ஒரு ஆண்டை எடுத்துக் குறுக்காகக் கேட்பது. 1978 மிகப் பொருத்தமான ஆண்டு. ஷியாமின் 'மனிதரில் இத்தனை நிறங்கள்', எம்.எஸ்.வி.யின் 'நிழல் நிஜமாகிறது', இளையராஜாவின் 'முள்ளும் மலரும்', 'சிகப்பு ரோஜாக்கள்', 'சிட்டுக்குருவி' எல்லாம் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. 'சிட்டுக்குருவி'யின் 'என் கண்மணி' பாட்டை மட்டும் தனியாக எடுத்து உட்காருங்கள். எஸ்.பி.பி.யும் சுசீலாவும் மாறி மாறிப் பாடுவதோடு நில்லாமல், ஒருவர் வரி முடியும் முன்பே இன்னொருவர் வேறு வரியோடு மேலே ஏறி வருவார். முதல் தடவை எஸ்.பி.பி. குரலை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை சுசீலாவை மட்டும். மூன்றாவது தடவை இரண்டும் சேர்ந்து காதில் விழும்போதுதான் பாட்டின் கட்டுமானம் பிடிபடும்.

இங்கேயே இன்னொரு தவறையும் சொல்லிவிடலாம்: பல்லவி முடிந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவுவது. அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் தங்கள் கைவரிசையைக் காட்டியது இடையிசையில்தான். முதல் இடையிசையும் இரண்டாவதும் பல பாட்டுகளில் முற்றிலும் வேறு வேறு வாத்தியங்களோடு வரும். முப்பது நொடியில் தாவினால் மெட்டை மட்டும் கேட்டிருப்பீர்கள், பாட்டைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கெட்டுப்போன ஒலியைக் கேட்டுவிட்டுப் பாட்டைக் குறை சொல்வது

'பழைய பாட்டுன்னா ஒரே கீச்சுக் கீச்சுன்னு இருக்கும்' என்று சொல்பவர்களில் பலர் உண்மையான பதிவைக் கேட்டதே இல்லை. எழுபதுகளின் பெரும்பாலான தமிழ்ப் பாடல்கள் மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வரும்படி, பதிவானவை. 'ப்ரியா' (1978) போல ஸ்டீரியோவுக்குப் போனவை கடைசியில் வந்த சில. மோனோ பாட்டுக்கு '8டி', 'பாஸ் பூஸ்டட்', '5.1' என்று பெயர் வைத்து ஏற்றியிருந்தால், யாரோ ஒரு பக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி, எதிரொலி சேர்த்து, ஈக்வலைசரைத் திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. போன் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் மோனோ ஆடியோவை இயக்குங்கள். உண்மையான மோனோ பதிவில் ஒரு மாற்றமும் தெரியாது. தாமதம் சேர்த்துத் திருகிய பதிவில் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது மாதிரி உள்வாங்கிவிடும். அதை ஒதுக்கிவிட்டு வேறு பதிவைத் தேடுங்கள்.

சுருதியையும் பார்க்க வேண்டும். உரிமைக் கண்காணிப்பில் சிக்காமல் இருப்பதற்காகப் பாட்டின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ ஏற்றுபவர்கள் உண்டு. ஆறு சதவீதம் வேகம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நாலு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 3 நிமிடம் 46 நொடியாகச் சுருங்கும். யேசுதாஸின் குரல் வழக்கத்தைவிட மெலிந்து ஒலித்தால் சந்தேகப்படுங்கள். உரிமை பெற்ற நிறுவனத்தின் பதிவோடு நீளத்தை ஒப்பிடுங்கள். நீளம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றவும் மென்பொருள் இருப்பதால், ஒரு ட்யூனர் செயலியில் பாட்டின் ஆதார சுருதியையும் சரிபார்ப்பது நல்லது.

போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு கட்டாதீர்கள். பேஸ் கிட்டாரின் திறந்த தந்திகள் 41 முதல் 98 ஹெர்ட்ஸ் வரை ஒலிப்பவை. அந்த அடிநாதத்தை அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. எழுபதுகளின் பாட்டில் பேஸ் கிட்டாரும் பாங்கோவும் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். அது காதில் விழாவிட்டால் பாட்டு வெறும் குரலும் வயலினுமாக மெலிந்துபோகும். சாதாரண வயர் ஹெட்ஃபோனே போதும்.

பெயர்ப் பலகையை அப்படியே நம்புவது

'தேன் சிந்துதே வானம்' பாட்டு 1973 படத்தில், ஜி.கே.வெங்கடேஷ் இசையில். அதே பெயரில் 1975-ல் ஒரு படம், வி.குமார் இசையில். இப்படி ஒரு சிக்கல் இருந்தால் தேடுபொறி இரண்டையும் குழப்பித்தான் காட்டும். செயலியில் தெரியும் ஆண்டும் பல சமயம் படம் வந்த ஆண்டாக இருக்காது, தொகுப்பு ஏற்றப்பட்ட ஆண்டாக இருக்கும். படத்தின் டைட்டில் கார்டில் 'இசை' என்று வரும் இடத்தைப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே உதவியாளர் பெயரும் வரலாம். அடுத்த பத்தாண்டுக்கான துப்பு அங்கேதான் கிடைக்கும். பழைய பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன.

சினிமாவோடு நின்றுவிடுவதும் ஒரு தவறுதான். கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.வி. இசையமைத்த 'கிருஷ்ண கானம்', நாகூர் ஹனிபாவின் பாடல்கள், டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாடல்கள் எல்லாம் இசைத்தட்டாகவே வீடுகளுக்குள் போனவை. இலங்கையில் பொப்பிசை (தமிழ் பாப் இசை) தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் பாடல்கள் இரண்டையும் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் தாளத்தோடு சேர்த்துக் கேளுங்கள். தமிழ்நாட்டில் அந்தக் காலத்துப் பாட்டுக் கேட்டவர்களிடம் பேசினால் இலங்கை வானொலியைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். எந்தப் பாட்டை அதில் கேட்டோம் என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகுப்பிலும் இல்லாத பெயர்கள் அப்படித்தான் வரும்.

இசைத்தட்டு வாங்கும் ஆசை வந்தால் அவசரப்படாதீர்கள். எழுபதுகளின் படப் பாடல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் ஈ.பி. என்ற சிறிய தட்டில் வந்தவை, பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டுத்தான் கொள்ளும். ஐந்தாவது, ஆறாவது பாட்டு தட்டில் விடுபட்டிருந்தால் படத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும். தட்டில் இருக்கும் ஒரு சரணம் படத்தில் வெட்டப்பட்டிருப்பதும் உண்டு, ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 78 சுற்றுத் தட்டுக்கான தடித்த ஊசியை இதில் வைக்கக் கூடாது. அது பள்ளத்தின் அடிவரை இறங்காமல் மேல் விளிம்பில் உரசிக்கொண்டு போகும். சூட்கேஸ் மாதிரி வரும் மலிவான பிளேயர்களில் ஊசியின் அழுத்தம் 5 கிராம் அளவுக்கு இருக்கும். நல்ல கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்தியிருக்கும் பகுதி) சுமார் 2 கிராம் போதும். கடையில் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல் பெரிதாகக் கேட்காது. நகத்தில் தட்டுப்படும் கீறலும், பள்ளங்கள் சாம்பல் நிறமாக வெளுத்திருப்பதும் இருந்தால், என்ன அரிய படமாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.