சிம்பல் பொருந்தவில்லையா? கடைசி எண்ணைப் பாருங்கள்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் எடை மேடையில் ஓடும் எங்கள் புரோகிராம் அடிக்கடி கிராஷ் ஆனது. கிராஷ் ஆன நேரத்து மெமரியின் பதிவான டம்ப் கோப்பை எடுத்து வந்து காட்பாடியில் விண்டிபக் என்ற டீபக்கரில் திறந்தால், சிம்பல் (முகவரிகளைப் பங்ஷன் பெயர்களாகக் காட்ட உதவும் தகவல்) பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை. எந்த பங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் கால் ஸ்டாக்கில் எங்கள் பங்ஷன் பெயர் ஒன்றுகூட இல்லை.

சிம்பல் பாதை சரியாகவே இருந்தது. கேஷை அழித்தும் பலனில்லை. அதே சோர்ஸை மறுபடி முழுதாக பில்ட் செய்து அதில் வந்த பிடிபியை, அதாவது சிம்பல் கோப்பைக் கொடுத்தேன்; புது பில்டுக்குப் புது ஜியுஐடி (அடையாள எண்), அதனால் அதுவும் ஒட்டவில்லை. ரீலோட் கட்டளையில், பொருந்தாததைக் கண்டுகொள்ளாதே என்னும் ஐ ஆப்ஷன் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றினால் பெயர்கள் வந்தன. ஆனால் எடை வாசிக்கும் த்ரெட், பில் அச்சிடும் பங்ஷனுக்குள் நிற்பதாகக் காட்டியது. அந்த ஸ்டாக்கை நம்பவே கூடாது.

வழி காட்டியது சிம் நாய்ஸி கட்டளை. டீபக்கர் எந்த ஃபோல்டரில் எந்த அடையாளத்தைத் தேடுகிறது என்று அது வரிவரியாகச் சொல்லும். அடையாளம் என்பது ஒரு நீண்ட சரம்; அதில் முதல் 32 இலக்கங்கள் ஜியுஐடி. அதோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் வருவது ஏஜ், பிடிபியின் திருத்த எண். பில்ட் மெஷினில் இருந்த பழைய பிடிபியில் ஜியுஐடி அச்சு அசல் அதே. ஏஜ் மட்டும் 4. டம்ப் கேட்டதோ 3. மாறிய பகுதியை மட்டும் மறுபடி இணைக்கும் இன்கிரிமென்டல் லிங்க் ஜியுஐடியைத் தொடாமல் இந்த எண்ணை மட்டும் ஏற்றிவிடும். கண்ணுக்குத் தப்புவது இங்கேதான்.

வாடிக்கையாளருக்கு அனுப்பிய செட்டப்பின் பேக்கப்பில் ஏஜ் 3 பிடிபி கிடைத்தது. அதை சிம்பல் பாதையில் வைத்து உடனே ஏற்றச் சொல்லும் எஃப் ஆப்ஷனோடு ரீலோட் செய்தேன். எச்சரிக்கை போனது, அப்பாடா என்றிருந்தது. கிராஷின் காரணமும் தெரிந்தது: சீரியல் போர்ட்டிலிருந்து காலி வரி வரும்போது நல் பாயின்டர் (எதையும் சுட்டாத முகவரி).