ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரச அலுவலகம் ஒன்றின் முடிவினாலோ, முடிவெடுக்காத இழுபறியினாலோ பாதிக்கப்பட்ட ஒருவர் வழக்காடாமல் நியாயம் கேட்பதற்கென்று இலங்கையில் ஒரு பதவி இருக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரையும், அதன்கீழ் இயற்றப்பட்ட 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும் அதை நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்கின்றன. பேச்சு வழக்கில் ஒம்புட்ஸ்மன். அரச உத்தியோகத்தர்களும், கூட்டுத்தாபனங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் போன்றவற்றின் உத்தியோகத்தர்களும் அடிப்படை உரிமைகளை மீறியதாகவோ வேறு அநீதி இழைத்ததாகவோ வரும் முறைப்பாடுகளை விசாரித்து அறிக்கையிடுவது அவருடைய கடமை. நியாயமான குறைகள்கூடப் பயனின்றிப் போவதற்கு, எழுதப்பட்ட முறையும் அனுப்பப்பட்ட நேரமும் காரணமாகிவிடுவதுண்டு. அவை இரண்டும் முறைப்பாட்டாளரின் கையில் இருப்பவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பதவியின் பெயரில் பாராளுமன்றம் இருப்பதால், உறுப்பினர் ஒருவரின் சிபாரிசு இல்லாமல் அங்கே போக முடியாது என்று சிலர் இன்றும் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது: முறைப்பாடு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் குழுவுக்குச் சென்று, அங்கிருந்துதான் ஆணையாளரிடம் வந்தது. 1994ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தச் சுற்றுவழியை நீக்கியது. இப்போது பாதிக்கப்பட்டவர் நேரடியாகவே எழுதலாம். உறுப்பினரின் அலுவலகத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வீண்.

மிகப் பெரிய தவறு, முறைப்பாட்டைக் கருணை மனுவாக எழுதுவது. அரச ஊழியராக இருந்து இறந்த கணவரின் ஓய்வூதியத்துக்காக அலையும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவருடைய கடிதம் ஐந்து பக்கம் வரும். கணவரின் சேவைக் காலம், அவருடைய நோய், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கூரையின் நிலை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் எந்தத் திகதியில் விண்ணப்பித்தார், கோப்பு இலக்கம் என்ன, எந்தப் பதவியில் இருப்பவர் என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பவை இருக்கமாட்டா. அந்தத் துயரம் உண்மையானது, அதைச் சொல்ல வேண்டாமென்று நான் கூறவில்லை. ஆனால் ஆணையாளர் அந்தத் திணைக்களத்திடம் விளக்கம் கோருவதற்கு முதலில் ஒரு கேள்வி வேண்டும், அந்தக் கேள்வி கடிதத்துக்குள் இருக்க வேண்டும். இன்ன திகதியில் விண்ணப்பித்தேன், பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் என் பெயர் வேறுபடுகிறதென்று திருப்பினார்கள், சத்தியக்கடதாசி கொடுத்தேன், ஏழு மாதங்களாகப் பதில் இல்லை, எந்தச் சுற்றறிக்கையின்படி என் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்பதை விசாரித்து ஓய்வூதியம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதினால், அந்தக் கடிதத்துக்குத் திணைக்களம் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். (தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு கைகள் வெவ்வேறு எழுத்தில் பதிந்துவைத்ததற்கு, அந்தப் பெயருக்கு உரியவரே ஆண்டுக்கணக்கில் அலைய நேர்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை மலையகத்திலும் வடக்கு கிழக்கிலும் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) சாதாரண வார்த்தையில் எழுதுவது மரியாதைக் குறைவாகாது. கேட்பது சலுகையன்று, சேர வேண்டிய பணம்.

இதையொட்டிய இன்னொரு பழக்கம், கடிதத்தின் அடியில் ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர், ஆளுநர், மனித உரிமைகள் ஆணைக்குழு என்று பத்துப் பேருக்குப் பிரதியிடுவது. பலருக்கு அனுப்பினால் ஒருவராவது பார்ப்பார் என்ற நம்பிக்கை புரிகிறது, நடப்பது எதிர்மாறானது. ஒவ்வோர் அலுவலகமும் மற்றது கவனிக்கிறதென்று கோப்பை மூடிவிட வசதியாகிறது. அதேபோல, சிங்களத்தில் எழுதினால்தான் வேகமாகப் பார்ப்பார்கள் என்று எண்ணி, தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் பிறரைக்கொண்டு எழுதிக் கையொப்பமிடுபவர்களும் உண்டு. எழுதுபவர் ஒரு திகதியை மாற்றிவிட்டால், பிறகு விசாரணையில் நீங்களே உங்கள் கடிதத்துக்கு முரணாகப் பேச வேண்டிவரும். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தமிழை அரசகரும மொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஏற்றிருக்கிறது. உங்களுக்கு முழுமையாக விளங்கும் மொழியில் எழுதுங்கள்.

தவறான வாசலில் தட்டுவதும் அடிக்கடி நிகழ்கிறது. வங்கிப் பிணக்குகளைக் கவனிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் வேறு, இவர் வேறு. உத்தியோகத்தர் இலஞ்சம் கேட்டார் என்றால் அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு உரிய விடயம். எங்கே கோடு விழுகிறது என்பதற்கு ஊழியர் சேமலாப நிதி நல்ல உதாரணம். தோட்ட நிருவாகமோ தனியார் கம்பனியோ தன் பங்கான 12 சதவீதத்தைக் கட்டாமல் விட்டால், அது தொழில் திணைக்களத்திடம் போக வேண்டிய முறைப்பாடு, ஏனெனில் தனியார் முதலாளி ஒம்புட்ஸ்மனின் வரம்புக்குள் வரமாட்டார். ஆனால் நீங்கள் தொழில் திணைக்களத்தில் முறையிட்டு, திணைக்களமே காரணமில்லாமல் அதைக் கிடப்பில் போட்டால், அந்தக் கணம் முதல் அது அரச உத்தியோகத்தரின் செயலின்மை. அதை ஒம்புட்ஸ்மனிடம் கொண்டுபோகலாம். காணியிலும் இதே வேறுபாடுதான்: சகோதரர்களுக்கிடையிலான எல்லைத் தகராறு மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ உரியது; காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளியின் (உரியவருக்குப் பின் காணி சேர வேண்டியவரின்) பெயரைப் பதியாமல் பிரதேச செயலகம் காலம் கடத்துவது ஒம்புட்ஸ்மனுக்கு உரியது.

சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேட்காமலே மேலே போவது அடுத்த தவறு. கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட "நாளைக்கு வாங்கோ" என்பதற்குச் சாட்சி கிடையாது. முதலில் நிறுவனத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பாதுகாத்து, நியாயமான கால அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவதை நான் மிக வலியுறுத்துவேன். அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் உங்கள் கோப்பிலுள்ள குறிப்புகளின் பிரதியையும், முடிவுக்கு அடிப்படையான சுற்றறிக்கையையும் கேட்டால், கொடுப்பதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். சில வேளைகளில் அந்த விண்ணப்பமே கோப்பை நகர்த்திவிடும். நகராவிட்டாலும், உங்கள் முறைப்பாட்டோடு இணைக்க அவர்களுடைய கையெழுத்திலேயே ஆதாரம் கிடைக்கும். இணைப்பவை பிரதிகளாக மட்டும் இருக்கட்டும். மூலப் பத்திரங்களைத் தபாலில் அனுப்பி இழந்தவர்களின் நிலை மிகப் பரிதாபமானது.

காலத்தைப் பற்றிய தவறுதான் திருத்தவே முடியாதது. அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு மாதமே அவகாசம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது; அதிலும், விசாரணை உண்மையாகவே நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கும். அந்தப் பிரிவு பேசுவது மனித உரிமைகள் ஆணைக்குழுவைப் பற்றி மட்டுமே. ஒம்புட்ஸ்மனுக்கு எழுதிவிட்டோம் என்று ஆறுதலாக இருந்து, அந்த ஒரு மாதத்தைக் கைநழுவ விட்டுவிடாதீர்கள். வேலை நீக்கம், பாகுபாடு, தடுத்துவைப்பு போன்ற பாரதூரமான விடயமென்றால் முதல் வாரத்திலேயே சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பது அவசியம்.

இறுதியாக, ஆணையாளரின் முடிவைத் தீர்ப்பென்று எண்ணிவிட வேண்டாம். அவர் பரிந்துரைக்கிறார்; நீதிமன்றக் கட்டளையைப்போல அதைப் பலவந்தமாக நிறைவேற்றச் செய்ய முடியாது. ஆகவே சாதகமான கடிதம் கைக்கு வந்த அன்றே, அதன் பிரதியை இணைத்து, எப்போது நிறைவேற்றுவீர்கள் என்று நிறுவனத் தலைவருக்கு எழுதுங்கள். உரிய காலத்தில் ஒன்றும் நடக்காவிட்டால், அந்தத் தகவலை மீண்டும் ஆணையாளருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். பரிந்துரை நிறைவேறவில்லை என்பதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியவரும். தெரிந்தால்தான் அதைப் பாராளுமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல அவரால் முடியும்.