ஓடி விழுந்த நாய்க்கு முதலில் தண்ணீர், பிறகுதான் வண்டி

இதைப் படிக்கும்போதே உங்கள் நாய் ஓடிக் களைத்து, உடம்பு சூடேறித் தரையில் கிடக்கிறது என்றால் இந்தப் பத்தி மட்டும் போதும், மீதியை அப்புறம் படிக்கலாம். காலர், வாய்ப்பூட்டு, உடுப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். நடத்திக் கூட்டி வராமல், நிழலுக்குத் தூக்கி வாருங்கள். வயிறு, அக்குள், தொடை இடுக்கு, கழுத்து, முதுகு என்று உடம்பு முழுக்கத் தண்ணீரை நிற்காமல் ஊற்றுங்கள். ஃபேனை வேகமாக வையுங்கள். ஃபேன் இல்லையென்றால் அட்டையால் விசிறுங்கள். ஒருவர் ஊற்றும்போதே இன்னொருவர் டாக்டருக்குப் போன் செய்யட்டும். மூச்சு தணியத் தொடங்கியதும் வண்டியில் ஏற்றுங்கள். நினைவு தப்பிவிட்டது, வலிப்பு வருகிறது என்றால் வண்டி வரும் வரை ஊற்றுங்கள், வண்டிக்குள்ளும் ஊற்றிக்கொண்டே போங்கள்.

பெசன்ட் நகரில், ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவன் நான். நாயை விட வருகிறவர்கள் எல்லோரும் மே மாத வெயிலுக்குப் பயப்படுகிறார்கள், பூட்டிய காருக்குப் பயப்படுகிறார்கள். ஓட்டத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. வெப்பத் தாக்குக்கு உள்ளான நாய்களில், காரணம் தெரிந்தவற்றை எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட முக்கால்வாசி ஓட்டத்தாலும் விளையாட்டாலும் விழுந்தவை. அந்தக் குளிர் ஊரிலேயே இந்த நிலை.

ஓடும் நாயின் தசைகளே உள்ளே சூட்டைக் கிளப்புகின்றன. அதை வெளியேற்ற நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான். மற்றதெல்லாம் இளைப்பின் வேலை: நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கிற ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துப் போக வேண்டும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எப்படி ஆவியாகும்? காலை ஆறு மணிக்கு வெயில் இல்லையே என்று மணலில் ஓட விடுகிறார்கள். மணலில் ஓடுவது தார்ச்சாலையில் ஓடுவதைவிடக் கடினம், காற்றில் ஈரப்பதமோ மதியத்தைவிட அதிகம்.

எங்கள் தெருவில் ஒரு லேப்ரடார் இருக்கிறான், பெயர் ஜிம்மி. நல்ல இளவட்டம், ஒரு நோயும் கிடையாது. செப்டம்பரில், ராத்திரி மழை பெய்து விட்ட ஒரு காலையில் பந்து விளையாடும்போது விழுந்தான். விழுவதற்கு முன்பே அறிகுறி வந்துவிட்டது: பந்தை எடுத்தவன் திரும்பி வராமல் நின்றான், கூப்பிட்டால் காதில் விழாததுபோல் பார்த்தான். நாக்கு நீண்டு, நுனி மண்வெட்டி போல் அகன்றிருந்தது. ஈறு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. எச்சில் கெட்டியாகக் கயிறு விட்டது. பின்னங்கால் தள்ளாடிய பிறகுதான் எல்லோரும் ஓடினோம். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு மூலிகைச் சாறு விற்கிறவர் தம் தண்ணீர்க் கேனை அப்படியே தூக்கிக் கொடுத்தார். அந்தக் கேன் இல்லாமல் போயிருந்தால் ஜிம்மி பிழைத்திருப்பானா என்று தெரியவில்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பதற்றத்தில் எல்லோரும் வண்டியைத்தான் முதலில் தேடுகிறோம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த இடம். பெசன்ட் நகரிலிருந்து காலை நெரிசலில் அங்கே போய்ச் சேருவதற்குள், சூடான உடம்போடு ஆட்டோவில் கிடக்கிற நாயின் உள்ளுறுப்புகள் கெட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு சூடு ஏறியது என்பதோடு, எவ்வளவு நேரம் அந்தச் சூடு நீடித்தது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றுவது தாமதம் ஆகாது, அதுதான் முதல் சிகிச்சை. பக்கத்தில் தண்ணீரே இல்லை என்றால் மட்டும் ஏசியைப் போட்டு, அல்லது ஜன்னல்களைத் திறந்துவிட்டு, உடனே கிளம்புங்கள்.

எந்தத் தண்ணீர்? ஜில்லென்ற தண்ணீர் ஆகாது, ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். இப்போது அந்தப் பயம் தேவையில்லை என்கிறார்கள். நாயின் உடம்பைவிடக் குளிர்ச்சியான எந்தத் தண்ணீரும் சரி. ஐஸைத் தேடி ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பகலில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் முதல் தண்ணீர் கொதிக்கும். கொஞ்சம் ஓடவிட்டுக் கையில் பார்த்த பிறகு ஊற்றுங்கள், இல்லையென்றால் சம்ப், கிணறு, கேன் தண்ணீரை எடுங்கள். இளம் வயது, நல்ல ஆரோக்கியம் என்றால் டப்பில் கழுத்து வரை இறக்கலாம், தலையை விடாமல் பிடித்துக்கொண்டு. வயதானது, இதயக் கோளாறு உள்ளது, பக் மாதிரித் தட்டை மூக்கு என்றால் ஊற்றுவதும் ஃபேனும் போதும். ஈரத் துண்டைப் போர்த்தாதீர்கள். துண்டு சூடேறி, உள்ளே இருக்கிற சூட்டைப் பிடித்து வைத்துவிடும்.

குடிக்கக் கிண்ணத்தில் வையுங்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மயக்கத்தில் இருக்கும் நாய்க்குக் குளுக்கோஸ் தண்ணீரோ மோரோ புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை, மாத்திரையால் இந்தச் சூடு இறங்காது. நாயின் கல்லீரலும் ரத்தமும் அதனால் கெடும். இப்யூபுரூஃபனும் அப்படித்தான், வயிற்றையும் சிறுநீரகத்தையும் அடிக்கும்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்திருங்கள், நாய்க்கென்று தனியாக. நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். ஓடி வந்த நாய்க்கு 104ஐத் தாண்டி, அதோடு சோர்வும் தெரிந்தால் மேலே சொன்ன வேலையைத் தொடங்குங்கள். 106 ஆபத்து. 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதன்பிறகும் உடம்பு தானாகக் குளிர்ந்துகொண்டே போகும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் இளைப்பு தணிகிறதா, நடுக்கம் வருகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் ஊற்றியது போதும், நிறுத்திவிடுங்கள்.

இதற்குப் பிறகு நாய் எழுந்து வாலை ஆட்டும். "சரியாகிவிட்டானே, எதற்கு டாக்டர்?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், கிளம்புங்கள். சூட்டில் அடிபட்ட குடலும் சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூடக் கைவிடும். எவ்வளவு நேரம் ஓடியது, எப்போது விழுந்தது, முதலில் பார்த்த டிகிரி எவ்வளவு, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதைப் போனில் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். டிரிப்ஸ் போடுவார்கள், ரத்தத் தட்டணு, கிரியாட்டினின், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம் பார்ப்பார்கள். அடுத்த நாளும் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். ஜிம்மியை ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மலம் கறுப்பாகவோ ரத்தமாகவோ போனால், வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தால், சிறுநீர் குறைந்தால், அந்த நிமிடமே டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும்.

விழுகிற எல்லா நாய்க்கும் சூடுதான் காரணம் என்றில்லை. சாப்பிட்ட கையோடு ஓடிய பெரிய ஜாதி நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் நிற்காமல் அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்குப் போக வேண்டும். கொஞ்ச தூரம் ஓடினாலே உட்கார்ந்துவிடுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் உண்ணிக் காய்ச்சலால் வந்த ரத்தசோகையா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் அது சர்வசாதாரணம்.

ஹஸ்கிக்கும் தட்டை மூக்கு நாய்களுக்கும் மட்டும் வரும் தொல்லை இது என்று நினைக்க வேண்டாம். ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறையும் விடாமல் ஓட விட்டால் விழும். லேப்ரடாருக்குப் பந்து பறந்தால் போதும், உடம்பு சொல்வது எதுவும் அதற்குக் கேட்காது. அதனால் நிறுத்துவது உங்கள் பொறுப்பு. நான் நாலைந்து முறை வீசியதும் பந்தைப் பையில் போட்டுவிடுவேன். இளைப்பு அடங்கி வாய் மூடிய பிறகுதான் மறுபடி வெளியே வரும். புழுக்கமான நாளில் பந்தே கிடையாது, மோந்து பார்த்துக்கொண்டு நடக்கிற நடை போதும். உடம்பு பெருத்த நாய்க்கு எடை குறைப்பதும் ஓட்டத்தில் தொடங்காது, தட்டில் தொடங்க வேண்டும்.

ஒருமுறை விழுந்த நாயை டாக்டர் சொல்லும் வரை ஓட விடாதீர்கள். சில வாரங்கள் ஆகலாம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று போன் செய்து கேட்டு, அந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் ஏற்றி வையுங்கள். நாயை நடத்திக் கூட்டிப் போகிறவர் வேறு ஒருவர் என்றால், அவருடைய போனிலும்.