துக்கத்தில் எதெல்லாம் இயல்பு, எப்போது உதவி தேவை

நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் பலரும் வெளியே சொல்லாமல் பயப்படுவது, "எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ?" என்றுதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர்தான் என்று எழுந்து போவது, பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் காதில் விழுவது, அவருக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைப்பது, இவையெல்லாம் பலருக்கும் நடப்பவை. அழுகையே வராமல் மரத்துப்போவதும் அப்படித்தான்.

துக்கத்தில் எல்லோரும் கடப்பதாகப் பலர் சொல்லும் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து கட்டங்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். 1969இல் வெளிவந்த அந்தப் பட்டியல், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி உருவானது, உறவைப் பறிகொடுத்தவர்களிடம் அல்ல. துக்கம் வரிசையாக வராது. நாலு நாள் சுமாராகப் போகும், ஐந்தாம் நாள் அவருடைய மூக்குக் கண்ணாடி கண்ணில் பட்டதும் உடைந்துபோவீர்கள்.

உடம்பும் துக்கப்படும். பசி இருக்காது, பாதி ராத்திரியில் விழிப்பு வரும், எடுத்த காரியம் மறந்துபோகும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாவது சாப்பிடுங்கள். தூங்காவிட்டாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். குடியும், வீட்டில் மிச்சமிருக்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம். அடுப்பை அணைத்தோமா என்று இருமுறை பாருங்கள். வீடு விற்பது போன்ற பெரிய முடிவுகளைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். நெஞ்சு வலியை மட்டும் 'மனக்கஷ்டம்' என்று விட்டுவிடாதீர்கள். இழப்புக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் மாரடைப்பு அபாயம் நிஜமாகவே கூடுகிறது.

அதிகம் அரிப்பது குற்ற உணர்ச்சி. "முந்தின நாளே டாக்டரிடம் போயிருந்தால்..." என்று ஓடும்போது, ஒரு தாளை இரண்டாக மடித்து, அன்று தெரிந்ததை ஒரு பக்கமும் பிறகு தெரியவந்ததை மறுபக்கமும் எழுதுங்கள். பெரும்பாலும் நாம் நம்மைத் தண்டிப்பது இரண்டாம் பக்கத்தை வைத்துத்தான். நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் போனதும் ஒரு நிம்மதி வந்தால், அது பாசக்குறைவு அல்ல.

குழந்தைகள் அழுதுவிட்டு உடனே விளையாடப் போவார்கள், அதுவும் துக்கம்தான். "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படுவார்கள். இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்றே சொல்லுங்கள்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் அன்றே உதவி தேடுங்கள், தனியாக இருக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டியும் தீவிரம் தணியாமல், அன்றாட வேலையே முடங்கிக் கிடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அதற்கென்றே, மனம்விட்டுப் பேசுவதன் வழியாகத் தரப்படும் உளவியல் சிகிச்சையும் உண்டு.