காத்திருக்கும் நாட்களில் பேச ஒரு ஆள்

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும்போது உடம்பைக் கவனிக்க டாக்டர் இருக்கிறார். மனதைக் கவனிக்க ஆளை நாம்தான் தேட வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஒருவர் போதும். அவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்கு யோசனை வேண்டாம், கேட்டால் போதும். ரிசல்ட் என்ன ஆச்சு என்று நீயாகக் கேட்காதே, நானே சொல்கிறேன்." கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஐவிஎஃப்பில், அதாவது உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சையில், கரு வைத்த பிறகு கர்ப்பமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை வரையிலான சுமார் 2 வாரம்தான் ரொம்பக் கஷ்டம். அடிவயிற்றில் லேசாக இழுத்தாலே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அப்போது தரும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தே மார்பு வலி, வயிறு உப்புசம் எல்லாம் தரும் என்பதால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. அந்த நாட்களில் தினமும் யாரோடு நடக்கப் போவது, யாருக்கு போன் செய்வது என்பதை முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இதைப் பற்றிய பேச்சுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்று வரம்பு வைக்கலாம். கணவரும் பேசட்டும்; ஆண்கள் வாயைத் திறக்காததாலேயே அவர்களுக்கு வருத்தமில்லை என்று நினைத்துவிடுகிறோம். அப்புறம், 2 வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். பல கருத்தரிப்பு மையங்களிலேயே ஆலோசகர் இருப்பார், கேட்டால்தான் சொல்வார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே.